பெயர் சொல்லிக் கூப்பிடும் பிழை

கணினி காட்டுகிற பிழைச் செய்திகளில் உனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ‘அன்டிஃபைன்ட்’. நீ சொன்ன பெயரில் எனக்கு எதுவும் தெரியாது என்று ஆக்டேவ், சைலேப், பழைய பதிப்பு மேட்லேப் போன்ற கணக்கு மென்பொருள்கள் நம்மிடம் சொல்கிற ஒற்றை வரி அது. புதிதாகக் கற்க வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிவைத்துவிடுகிறார்கள். எனக்கோ அது வந்தால் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். அவ்வளவு யோக்கியமான பிழை அது! எந்தப் பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை என்று சொல்லி, அந்தப் பெயரை நம் கையிலேயே கொடுத்துவிட்டு, அதற்கு மேல் ஒரு அடி எடுத்துவைக்காமல் நின்றுவிடும்.

சத்தமே போடாமல் தப்பு விடை தருகிற பிழைகளோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். இந்திய வானிலைத் துறையின் மழைத் தரவில், மதிப்பு இல்லாத இடங்களில் -999 என்று போட்டிருப்பார்கள். அதை நீக்காமல் சாயல்குடிக்குத் தெற்கே கடலையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் மழை மைனஸில் வரும். கணினி ஒரு வார்த்தை சொல்லாது. படம் வரையச் சொன்னால் படமும் வரைந்துவிடும். ‘அன்டிஃபைன்ட்’ அப்படியெல்லாம் நம்மை ஏமாற்றாது.

நான் இந்தக் கணினிக் கணக்கில் விழுந்ததற்குக் காரணம் மழைதான். எங்கள் ஊரான குமாரலிங்கபுரத்தில் உட்கார்ந்துகொண்டு வேறு எதைக் கணக்குப் போடுவது? அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் முழுக்க மானாவாரி. புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற ஊர்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் வடகிழக்குப் பருவமழை எப்படிப் பெய்கிறதோ அப்படித்தான் கண்மாய், அப்படித்தான் கம்பும் உளுந்தும் மக்காச்சோளமும். ‘இந்த வருசம் பஞ்சம்’, ‘போன வருசம் தேவலை’ என்று டீக்கடையில் பேசுவதை ஓர் எண்ணாக மாற்ற முடியுமா என்கிற ஆசை எனக்கு ரொம்ப நாளாக இருந்தது.

முடியும். அதற்கென்றே ஓர் அளவுகோல் இருக்கிறது. 1993-இல் அமெரிக்காவின் கொலராடோவில் மெக்கீ, டோஸ்கன், கிளைஸ்ட் என்கிற மூவர் கொண்டுவந்த எஸ்பிஐ, அதாவது தரப்படுத்திய மழைக் குறியீடு. 2009-இல் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் கூடிய வல்லுநர்கள், எல்லா நாடுகளும் வறட்சியை அளக்க இதைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தார்கள். குறைந்தது 30 வருட மழைக்கணக்கு வேண்டும். அதில் காமா பரவல் என்கிற வளைவைப் பொருத்தி, இந்த வருட மழை அந்த வளைவில் எங்கே விழுகிறது என்று பார்த்து, அதை இயல்நிலைப் பரவலுக்கு மாற்றினால் ஓர் எண் வரும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் வழக்கமான வருடம். -1-க்குக் கீழே போனால் மிதமான வறட்சி, -1.5-க்குக் கீழே கடுமை, -2-ஐத் தொட்டால் உச்சம். அழகு என்னவென்றால், சிரபுஞ்சியின் வறட்சியையும் திருச்சுழியின் வறட்சியையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பேசலாம். டிசம்பர் முடிவில் மூன்று மாத எஸ்பிஐ எடுத்தால் அதுதான் நம் பருவமழையின் முழு மதிப்பெண்.

தரவும் இலவசமாகவே கிடைக்கிறது. வானிலைத் துறை 1901 முதல் அன்றாட மழையைக் கால் டிகிரி கட்டங்களாகப் பிரித்து வருடத்துக்கு ஒரு ஃபைலாகக் கொடுத்திருக்கிறது. கிழக்கு மேற்காக 135 புள்ளி, தெற்கு வடக்காக 129 புள்ளி. தெற்கே 6.5 டிகிரியில் தொடங்குவதால் நம் 9.5 டிகிரி பதின்மூன்றாவதாக வரும். மேற்கே 66.5-இல் தொடங்குவதால் 78 டிகிரி நாற்பத்தேழாவது. அந்த இரண்டு எண்களையும் போட்டதும் நூறு வருடத்துக்கு மேற்பட்ட நம் ஊர்ப்பக்கத்து மழை வரிசையாகத் திரையில் இறங்குகிறதே, அதைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகவே இதைக் கற்றுக்கொள்ளலாம்.

கருவி ஆக்டேவ். மேட்லேப் அருமையான சாமான், மறுக்கவில்லை. நியூ மெக்சிகோவில் கிளீவ் மோலர் தன் மாணவர்களுக்காக எழுதியது, 1984-இல் மேத்வொர்க்ஸ் என்கிற கம்பெனியானது. ஆனால் அதற்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். ஆக்டேவுக்குக் காசே கிடையாது, பழைய லேப்டாப்பிலும் ஓடும், மேட்லேப் மொழியையே ஏறக்குறைய அப்படியே பேசும். ஜான் ஈட்டன் 1992-இல் எழுதத் தொடங்கி 1994-இல் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார். கெமிக்கல் இன்ஜினியரிங் மாணவர்கள் ரியாக்டர் கணக்குப் போடுவதற்காகப் பிறந்தது. தனக்குப் பாடம் நடத்திய ஆக்டேவ் லெவன்ஸ்பீல் என்கிற பேராசிரியரின் பெயரையே ஈட்டன் அதற்கு வைத்தார். வாத்தியார் பெயரில் ஒரு மென்பொருள்! எனக்கு அது இன்னும் சிலிர்க்கிறது.

சரி, பிழைக்கு வருகிறேன்.

எஸ்பிஐ கணக்குக்குப் பழைய புரோகிராம் ஒன்று கிடைத்தது. நன்றாக எழுதப்பட்டது, வருடக்கணக்காக ஓடியது. அதைப் புது ஆக்டேவில் ஓட்டினால் ‘காம்சிடிஎஃப்’ அன்டிஃபைன்ட் என்று நிற்கிறது. காமா வளைவில் இடம் பார்த்துச் சொல்கிற ஃபங்ஷன் அதுதான். அது இல்லாமல் எஸ்பிஐயே இல்லை. புரோகிராமில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பிறகு ஏன்?

காரணம் 2018. அந்த வருடம் வந்த ஆக்டேவ் 4.4 பதிப்பில் காமா, நார்மல், பீட்டா என்று பரவல்களுக்கான ஃபங்ஷன்களையெல்லாம் உள்ளே இருந்து எடுத்து ‘ஸ்டாடிஸ்டிக்ஸ்’ என்கிற தனிப் பேக்கேஜுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய வீட்டைக் காலி செய்துகொண்டு புது விலாசத்துக்குப் போன கதைதான். என்னைச் சொக்கவைத்தது என்னவென்றால், ஆக்டேவ் அந்தப் புது விலாசத்தையும் சொல்லிவிடுகிறது: இந்த ஃபங்ஷன் ஸ்டாடிஸ்டிக்ஸ் பேக்கேஜைச் சேர்ந்தது, உன் கணினியில் பேக்கேஜ் இருக்கிறது, நீ இன்னும் அதை லோட் செய்யவில்லை, லோட் செய்ய இந்த வரியை அடி என்று அடிக்கவேண்டிய வரியையும் கூடவே எழுதிக் காட்டுகிறது. ‘பிகேஜி லோட் ஸ்டாடிஸ்டிக்ஸ்’. அடித்தேன். ஓடியது! பிழைச் செய்தியே தீர்வையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தால் அதைக் கொண்டாடாமல் என்ன செய்வது?

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த லோட் வரியைப் பலர் ஒருமுறை கைப்பட அடித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். மறுநாள் ஆக்டேவைத் திறந்தால் திரும்பவும் அன்டிஃபைன்ட். ஆக்டேவ் தொடங்கும்போதே படிக்கிற ஆக்டேவ்-ஆர்சி ஃபைலில் எழுதிவைத்தால் தானாக லோட் ஆகும் என்று சிலர் சொல்வார்கள். ஆகும், உங்கள் கணினியில் மட்டும். புரோகிராமின் முதல் வரியிலேயே எழுதுவதுதான் சரி. பென் டிரைவில் போட்டு அடுத்தவருக்குக் கொடுத்தாலும், அவர் கணினியில் அந்தப் பேக்கேஜ் இருந்தால் அங்கேயும் ஓடும்.

ஒரு பெயரை அடித்ததும் ஆக்டேவ் என்ன செய்கிறது என்பது தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். முதலில் அந்தப் பெயரில் ஒரு மாறி இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் அதே ஃபைலுக்குள் அந்தப் பெயரில் ஃபங்ஷன் இருக்கிறதா என்று பார்க்கும். அதன் பிறகு நாம் நிற்கிற ஃபோல்டர், கடைசியாக ‘பாத்’ என்கிற பட்டியலில் எழுதிவைத்திருக்கிற ஃபோல்டர்கள். எங்கேயும் இல்லை என்றால்தான் கையை விரிக்கும். ஆகவே நாம் கேட்கவேண்டியதும் அதே வரிசையில்தான்: நான் எந்த ஃபோல்டரில் நிற்கிறேன்? ஃபைல் எங்கே இருக்கிறது? அந்த ஃபோல்டர் பட்டியலில் இருக்கிறதா? இல்லையென்றால் ‘ஆட்பாத்’ போட்டுச் சேர்த்துவிட்டு, ‘சேவ்பாத்’ போட்டு நிலைப்படுத்திவிடலாம்.

அதற்குமேல் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன, எனக்கு உயிர். ஒன்று ‘விச்’. பெயரைக் கொடுத்தால் அது எந்த ஃபைலில் இருந்து வருகிறது என்று முழு விலாசத்தையும் சொல்லும். மற்றது ‘எக்ஸிஸ்ட்’. பூஜ்யம் என்றால் அப்படி எதுவும் இல்லை. 1 என்றால் மாறி, 2 என்றால் ஃபைல், 5 என்றால் உள்ளேயே கட்டப்பட்ட ஃபங்ஷன். ‘சம்’ என்கிற பெயரில் ஒரு மாறியை வைத்துக்கொண்டு, ‘சம்’ ஃபங்ஷன் கூட்டல் செய்யமாட்டேன் என்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களுக்கு ‘விச்’ ஒரே வரியில் பதில் சொல்லிவிடும், அது இப்போது மாறி என்று.

சாயங்காலங்களில் ஊர்ப்பிள்ளைகள் சிலர் வந்து உட்காருவார்கள். அருப்புக்கோட்டையில் கல்லூரிக்குப் போகிற ஒரு பெண்ணிடம் மழைத் தரவைப் படிக்கிற ஃபங்ஷனை எழுதச் சொல்லியிருந்தேன். பிரமாதமாக எழுதியிருந்தாள். -999-ஐ முதல் வேலையாக நீக்கியிருந்தாள், அதைப் பார்த்தே எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஃபைலுக்கு ‘மழை’ என்று பெயர். ஆக்டேவில் ஃபங்ஷன் பெயருக்கு ஆங்கில எழுத்துதான் செல்லும், அதனால் எம், ஏ, இசட், எச், ஏ, ஐ.

“அண்ணே, மழையைக் காணோம்ங்குதுண்ணே.”

“எங்கம்மா காணோம்ங்குது? வாசிச்சுச் சொல்லு.”

“எர்ரர்னு போட்டு, மழை அன்டிஃபைன்ட்னு வருது. ஃபைல் இங்கனதான் இருக்கு. நானே இப்பத்தான் சேவ் பண்ணுனேன்.”

“வாயால வாசிக்காத. எழுத்து எழுத்தாச் சொல்லு.”

“எம், ஏ, எல், ஏ, ஐ…” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். “அய்ய, எல் போட்டுருக்கேன்!”

ஃபைலின் பெயரில் இசட்-எச். கூப்பிடும்போது எல். நம் வாயில் இரண்டும் மழைதான், ஆக்டேவுக்கு இரண்டும் வேறுவேறு ஆள். அவள் திருத்திய உடனே 1901-ஆம் வருடத்து மழை கடகடவென்று இறங்கியது. அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைக்கிற எல்லோருக்கும் இது நடக்கும். கண்மாயை ஒருவர் ஏ-ஐ என்று முடிப்பார், இன்னொருவர் ஏ-ஏ-ஐ, மூன்றாமவர் ஓ-ஐ. ஊரணிக்கு ஒரு யூவா, இரண்டு ஓவா? பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் உண்டு. எங்கள் கூட்டத்தில் இப்போது ஒரு நோட்டில் பெயர்ப் பட்டியல் எழுதிவைத்து, எல்லோரும் அதையே பயன்படுத்துகிறோம். அந்த நோட்டு வந்த பிறகு வேலை பறக்கிறது.

விண்டோஸ்காரர்களுக்கு இன்னொன்று. நோட்பேடில் எழுதி ‘மழை டாட் எம்’ என்று சேவ் செய்வார்கள். நோட்பேட் பின்னாலேயே ‘டாட் டிஎக்ஸ்டி’ என்று ஒரு வாலை ஒட்டிவிடும். விண்டோஸ் அந்த வாலை மறைத்துவைக்கும். ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் பெயர் சரியாகத்தான் தெரியும். ஆக்டேவுக்குள்ளே ‘எல்எஸ்’ அடித்துப் பாருங்கள், வால் தெரிந்துவிடும். கண்ணால் பார்த்ததை நம்பாமல் ஆக்டேவின் கண்ணால் பார்க்கிற பழக்கம் அதிலிருந்துதான் எங்கள் பிள்ளைகளுக்கு வந்தது. இன்னொரு விஷயம், ஃபைலின் பெயர்தான் கணக்கு. உள்ளே ஃபங்ஷனுக்கு வேறு பெயர் எழுதியிருந்தாலும் வெளியே இருந்து தேடுவது ஃபைல் பெயரைத்தான். இரண்டையும் ஒன்றாகவே வைத்துவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விட எனக்குச் சுவாரசியமான ரகம், நேற்று ஓடி இன்று நிற்பது. நேற்று ஏதோ ஒரு மாறியைக் கட்டளைச் சாளரத்தில் கையால் உண்டாக்கியிருப்பார்கள். அது நினைவில் தங்கியிருந்து, புரோகிராமும் அதைப் பயன்படுத்தி ஒழுங்காக ஓடியிருக்கும். ராத்திரி மூடியதும் அது போய்விட்டது. காலையில் அன்டிஃபைன்ட். ‘ஒண்ணுமே மாத்தலைண்ணே’ என்று சத்தியம் செய்வார்கள், உண்மையும் அதுதான். ஓட்டை நேற்றே இருந்தது, இன்றைக்குத்தான் பிழை அதைக் காட்டிக்கொடுத்தது. ஆகவே ஒரு புரோகிராம் முடிந்துவிட்டது என்று சொல்வதற்கு முன்னால் ஆக்டேவை மூடித் திறந்து, காலி இடத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவோம். அப்போதும் ஓடினால்தான் அது நம்முடையது.

மேட்லேபில் எழுதிய ஸ்கிரிப்டை ஆக்டேவுக்குக் கொண்டுவரும்போது ஒரு சிக்கல் உண்டு. மேட்லேபில் 2016 முதல் ஸ்கிரிப்டின் அடியில் ஃபங்ஷன்களை எழுதலாம். ஆக்டேவ் மேலிருந்து கீழாக வரிவரியாக ஓட்டுவதால், கூப்பிடுகிற இடத்துக்கு முன்னாலேயே ஃபங்ஷன் வந்திருக்க வேண்டும். அப்படியே தூக்கி மேலே வைத்தால் வேறு வம்பு, முதல் வரியே ஃபங்ஷனாக இருந்தால் ஃபைல் முழுவதையும் ஃபங்ஷன் ஃபைல் என்று நினைத்துக்கொள்ளும். அதற்கு முதல் வரியில் வெறுமனே 1 என்று எழுதி ஓர் அரைப்புள்ளி வைத்தால் போதும். இவ்வளவுதான் வைத்தியம்!

இனி நான் சொல்லப்போவதுதான் ஆக்டேவின் மேல் எனக்கு இருக்கிற காதலுக்கு முழுக் காரணம். மேட்லேபில் இருக்கிற, ஆக்டேவில் இன்னும் எழுதப்படாத ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பாருங்கள். வெறும் அன்டிஃபைன்ட் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாது. ‘இந்த ஃபங்ஷன் ஆக்டேவில் இன்னும் செயல்படுத்தப்படவில்லை’ என்று ஒப்புக்கொண்டு, அதை எழுதிக் கொடுக்க நீங்கள் எப்படி உதவலாம் என்று தெரிந்துகொள்ள ஒரு பக்கத்தையும் காட்டும். தன்னிடம் இல்லாததைச் சொல்லி, நீ எழுதித் தருகிறாயா என்று கேட்கிற ஒரு மென்பொருள்! குமாரலிங்கபுரத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடமும் அதையேதான் கேட்கிறது, பாஸ்டனில் உட்கார்ந்திருப்பவரிடமும் அதையேதான்.

கற்றுக்கொள்ள எங்கே போவது என்று கேட்பவர்களுக்குப் பம்பாய் ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியலைத்தான் காட்டுவேன். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கியது. அவரும் கெமிக்கல் இன்ஜினியரிங்தான், இந்தத் துறைக்கும் இலவச மென்பொருளுக்கும் ஏதோ பூர்வ ஜென்மத் தொடர்பு இருக்கிறது. சைலேப் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன. திரையில் ஓடுவது ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லித்தருகிற மாதிரி இருக்கும். சைலேபிலும் இதே பிழை வரும், ஆனால் அங்கே ஃபைலைச் சேவ் செய்தால் மட்டும் போதாது, ‘எக்ஸெக்’ போட்டு உள்ளே ஏற்ற வேண்டும்.

பைத்தானுக்குப் போனால் பெயரையே தமிழில் வைக்கலாம். மழை என்றே எழுதலாம், இசட்-எச்சா எல்லா என்கிற வழக்கே இல்லை. அங்கே ஓர் இடத்தில் கவனம் வேண்டும்: ‘ஔ’வை ஒரே எழுத்தாக அடிப்பதும், ‘ஒ’வையும் ‘ள’வையும் பக்கத்துப் பக்கத்தில் அடிப்பதும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், பைத்தானுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். 2021-இல் வந்த 3.10 பதிப்பில் இருந்து பைத்தான், பெயர் கிடைக்காவிட்டால், நீங்கள் சொல்லவந்தது இதுவா என்று பக்கத்துப் பெயரை எடுத்துக்கொடுக்கவும் செய்கிறது. ஆக்டேவுக்கும் அது வரவேண்டும் என்பது என் பெரிய ஆசை.

எஸ்பிஐ இப்போது எங்களிடம் சுத்தமாக ஓடுகிறது. மழையே இல்லாத மாதங்களில் காமா வளைவு பூஜ்யத்தை ஏற்காது. அதற்கு, மழை இல்லாத வருடங்களின் விகிதத்தைத் தனியே எடுத்து, மிச்சத்தை மட்டும் வளைவில் வைத்துச் சேர்க்க வேண்டும். அந்தச் சின்ன ஃபங்ஷனையும் அந்தப் பெண்தான் எழுதினாள். அடுத்ததாக அவள் கேட்டது வெயிலை. “மழையை மட்டும் வெச்சுச் சொன்னா எப்படிண்ணே? நம்ம ஊரு வெயிலு குடிக்கிற தண்ணிக்கு யாரு கணக்கு?” சரியான கேள்வி. ஆவியாகிப் போவதையும் கழிக்கிற எஸ்பிஈஐ என்கிற குறியீட்டை 2010-இல் ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்குக் காமா வளைவு போதாது, மூன்று அளவுருக்கள் கொண்ட லாக்-லாஜிஸ்டிக் வளைவு வேண்டும். அதைப் பொருத்துகிற ஃபங்ஷனுக்கு அவள் நோட்டில் ஒரு பெயர் எழுதினாள், ஆக்டேவில் ‘எக்ஸிஸ்ட்’ போட்டுப் பார்த்தாள், பூஜ்யம் வந்தது. புது ஃபைலைத் திறந்து முதல் வரியை அடிக்கத் தொடங்கிவிட்டாள்.